எல்லாப் பத்திரங்களும் சரியாக இருந்தன

அந்தக் கோப்பை மூடியது நான்தான். 'குறைகள் எதுவும் காணப்படவில்லை' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் புள்ளடி போட்டு, அடியில் கையெழுத்து வைத்ததும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததை மட்டும் சொன்னால் நான் ஏதோ பெரிய நன்மை செய்தவள் போலத் தெரியும்.

பாரிஸை ஒட்டிய சென் தெனியில் ஒரு நிறுவனத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் ஹோட்டல்கள் நடத்துகிற நிறுவனம். நான் இருப்பது கொள்முதல் பகுதியில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் ஒரு பெரிய சலவை நிறுவனம் எடுத்துப்போய்த் துவைத்துத் தரும். அந்த நிறுவனம் அயன் பண்ணி மடிக்கிற வேலையை மட்டும் கூசேன்வில் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தது. அதன் முதலாளி ஒரு தமிழர். எங்கள் ஹோட்டல்களில் படுத்தெழும்புகிற யாருக்கும் அவரைத் தெரியாது. எனக்கும் அவரைத் தாள்களில்தான் தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படியானவர்கள் எல்லோரிடமும் பத்திரங்கள் கேட்டு வாங்குவது என் வேலை. நிறுவனம் பதிவு செய்த பத்திரம், வேலையாட்களுக்கான சமூகக் காப்புறுதி கட்டியதற்கான அத்தாட்சி, வெளிநாட்டுக்காரர்களாக இருந்தால் அவர்களின் பெயர்களும் வதிவிட அட்டை இலக்கங்களும். ஏதாவது குறைந்தால் மின்னஞ்சல் போடுவேன். வந்ததும் கோப்பில் சேர்ப்பேன். கூசேன்வில் கோப்பில் ஒருநாளும் எதுவும் குறைந்ததில்லை. பதினான்கு பெயர்கள், பதினான்கு அட்டைகள், பதினான்கு சம்பளச் சீட்டுகள். கேட்க முன்னமே அனுப்பிவிடுவார்கள். மற்ற நிறுவனங்களோடு இழுபடும்போது, "இவையளைப் போல இருந்தால் எவ்வளவு நல்லது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு பொறுப்பாளர் வந்தார். பிரெஞ்சுக்காரி, ஐம்பது வயதிருக்கும். தாள்களை மட்டும் பார்த்தால் போதாது, இடங்களுக்குப் போய் ஆட்களோடு பேச வேண்டும் என்றார். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குக் கீழே வேலை எடுத்துச் செய்பவர்களிடம் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கடமைப்பட்டவை என்பதை அவர் உண்மையாகவே நம்பினார். கூசேன்வில்லில் அநேகமானவர்கள் தமிழர் என்றதும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மொழிபெயர்க்க.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனோம். ஒரு வாரத்துக்கு முன்னமே அறிவித்துவிட்டுத்தான் போனோம். வயலை ஒட்டிய தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். உள்ளே போனதும் என் மூக்குக்கண்ணாடி மங்கிப் போயிற்று, அவ்வளவு நீராவி. ஈர விரிப்பை இரண்டு பெண்கள் இரண்டு முனையில் பிடித்து, சூடான உருளைக்குள் கொடுப்பார்கள். மறுபக்கத்தில் இன்னும் இரண்டு பேர் அதைப் பிடித்து மடிப்பார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. இயந்திரச் சத்தத்தில் கதைத்தாலும் கேட்காது.

முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல், மெலிந்த ஆள், மெல்லிய குரல்.

"வாங்கோ தங்கச்சி, வாங்கோ. எங்கடை பிள்ளை ஒண்டு இப்பிடிப் பெரிய இடத்திலை இருக்கிறது எங்களுக்குப் பெருமை."

மேசையில் தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்திருந்தார். என் பொறுப்பாளருக்கு உறைக்கும் என்று அவருக்கு வேறாக இனிப்பு. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் தான் வந்திறங்கிய கதையைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். பொறுப்பாளரின் முகம் இளகிப் போனது.

பிறகு நாலு பேரோடு பேசினோம். அவருடைய அறையில்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நின்றார். மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உட்காரச் சொன்ன பிறகும் கதிரை நுனியில்தான் இருந்தாள்.

"உங்கடை பேர் என்ன?"

கதவுப் பக்கம் ஒருக்கால் பார்த்தாள். பிறகு பாடமாக்கியதை ஒப்புவிப்பதுபோல முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். எங்கள் ஆட்கள் யாரும் தங்கள் பெயரை அப்படிச் சொல்வதில்லை.

என் முன்னால் இருந்த அட்டைப் பிரதியைப் பார்த்தேன். அதே பெயர். பிறந்த ஆண்டைக் கணக்குப் பார்த்தால் நாற்பத்தேழு வயது. படத்தில் இருந்த பெண்ணுக்கு முகம் கொஞ்சம் அகலம்.

"வேலை எப்பிடிப் போகுது? பிரச்சினை ஒண்டும் இல்லையோ?"

"ஓம் அக்கா. நல்லாப் போகுது."

"லீவு தருவினமோ?"

"ஓம் அக்கா."

"என்ன சொல்கிறாள்?" என்று பொறுப்பாளர் பிரெஞ்சில் கேட்டார்.

"எல்லாம் நன்றாக இருக்கிறதாம்," என்றேன்.

எனக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது. இன்னொருவரின் அட்டையில் வேலை செய்கிறாள். இது எங்கள் ஆட்கள் மத்தியில் புதினமில்லை. பப்பியே, அதாவது வதிவிடப் பத்திரம், இல்லாதவர் பப்பியே உள்ளவரின் பெயரில் வேலை செய்வார். சம்பளம் அட்டைக்காரரின் வங்கிக்குப் போய் அங்கிருந்து கைக்கு வரும். என் கணவரே இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அப்படித்தான் வேலை செய்தவர். நான் வாயைத் திறந்தால் இந்தப் பெண்ணின் வேலை போய்விடும். அப்படித்தான் நினைத்தேன். அதை இரக்கம் என்றும் நினைத்தேன். அவளிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கதவுக்கு வெளியே நிற்பவரைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

திரும்பி வரும்போது காரில் பொறுப்பாளர், "ஒரு குடும்பம் மாதிரி இருக்கிறார்கள்," என்றார். அடுத்த நாள் புள்ளடி போட்டேன்.

இரண்டரை மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை பின்னேரம், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போயிருந்தேன். மரக்கறி வாங்கிவிட்டு, எனக்குப் பிரஷர் குளிசை எடுக்க மெத்ரோ நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் பார்மசிக்குள் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண். வலது கையை ஒரு வெள்ளைத் துவாயால் சுற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இடது கையில் ஒரு துண்டுத்தாள். அதில் ஒரு கிறீமின் பெயர் எழுதியிருந்தது. மருந்தாளர் துவாயை விலக்கச் சொன்னார். அவளுக்கு மொழி விளங்கவில்லை, சைகை விளங்கியது. விலக்கினாள்.

நான் பார்த்தேன். விரல்களில் இருந்து மணிக்கட்டுக்கு மேல் வரை தோல் இல்லை. சில இடம் சிவப்பு, சில இடம் மெழுகு மாதிரி வெள்ளை. எரிந்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

"இதற்கு நான் மருந்து தர முடியாது," என்றார் மருந்தாளர். "உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யாராவது இவருக்குச் சொல்ல முடியுமா?"

நான் சொல்வதற்கு முன்னால் அவள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். கூசேன்வில்லில் மூன்றாவதாக வந்து பேசியவள்; இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுவிட்டோம்.

"அக்கா," என்றாள். "நீங்கள் என்னைக் காணேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

"கையிலை என்ன?"

"உருளைக்குள்ளை போயிட்டுது. நேற்று. கிறீம் வாங்கிப் போட்டால் மாறிடும் எண்டு முதலாளி சொன்னவர்."

"ஆஸ்பத்திரிக்குப் போகாட்டிக் கை போயிடும் எண்டு இவர் சொல்லுறார். என்னோடை வாங்கோ. கிட்டத்தான்."

"வெளியிலை வான் நிக்குது அக்கா. பத்து நிமிசந்தான் தந்தவர்."

வெளியே போனேன். பார்மசி வாசலில், வீதியை அடைத்தபடி ஒரு வெள்ளை வான். ஓட்டுநர் ஆசனத்தில் நாற்பது வயதுத் தமிழர், தாடி வளர்ந்த முகம். பின்னால் பேருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணை, இந்தப் பிள்ளையை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"முதலாளியைக் கேக்கோணும்." தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். பதில் இல்லை. திரும்பவும் அடித்தார். பேருந்து ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்து கத்தினார். வான்காரர் பார்மசிக்குள் எட்டிப் பார்த்தார். அவள் கையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். தொலைபேசியைப் பக்கத்து ஆசனத்தில் வைத்தார்.

"நான் திரும்பி வரேக்கை ஆள் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்றார். வான் போய்விட்டது. அவரை நான் பிறகு ஒருநாளும் காணவில்லை.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். சனிக்கிழமைச் சனம். கடைகளுக்கு வெளியே முருங்கைக்காயும் மாம்பழமும் அடுக்கியிருந்தார்கள். அவள் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறாள், லாச்சப்பல் தெருவில் நடப்பது அதுதான் முதல்தடவை என்று பிறகு சொன்னாள். அதுவரை வானுக்குள் இருந்துதான் பார்த்திருக்கிறாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில், பதிவு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி பெயரைக் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். காயப்பட்டவள் என் பக்கம் திரும்பி மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"எந்தப் பேரைச் சொல்ல அக்கா?"

"உங்கடை பேரைச் சொல்லுங்கோ," என்றேன். "இஞ்சை அட்டை இல்லாட்டிலும் வைத்தியம் பாப்பினம்."

சொன்னாள். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். பதிவுப் பெண் எழுத்துக்கூட்டச் சொன்னாள். நான் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அன்று அவளை வார்டில் சேர்த்துவிட்டார்கள். தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்றார்கள். வலிக்கு மருந்து ஏற்றிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முல்லைத்தீவு. கணவன் கடைசிச் சண்டைக்குப் பிறகு திரும்பி வரவில்லை. ஒரு மகள், ஊரில் இவளுடைய தமக்கையோடு. பிரான்ஸில் உடுப்புத் தைக்கிற வேலை என்று ஒருவர் வந்து சொன்னார். வந்து இறங்கிய அன்றே முதலாளி பாஸ்போட்டை வாங்கிக்கொண்டார்; பத்திரமாக இருக்கட்டும் என்றார். ஸ்தேன் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஏழு பெண்கள், கீழே இன்னும் ஏழு பேர். காலையில் வான் வரும், வேலை முடிய வான் கொண்டுவந்து விடும். வெளிக்கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவர்களிடம் இல்லை. கொண்டுவந்த செலவு முடிந்ததும் போகலாம் என்றார். எப்போது முடியும் என்று சொல்லவில்லை. சம்பளச் சீட்டில் இருந்த பெயருக்குரிய பெண்ணை அவள் கண்டதே இல்லை.

"ஒருதரம் நான் போகப் போறன் எண்டு சொன்னனான். அவர் ஏசேல்லை அக்கா. அடுத்த கிழமை ஊரிலை ஆரோ அக்கா வீட்டை போய், மகள் எந்தப் பள்ளிக்கூடம், எத்தினை மணிக்கு வாறவ எண்டு சுகம் விசாரிச்சவையாம்."

ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உணவகத்தில் சமையல்காரர். வாரத்தில் அந்த ஒருநாள்தான் வீட்டில். 

"மற்றவன்ரை அட்டையிலை நானும் ஒண்டரை வருசம் கோப்பை கழுவினனான்," என்றார். "அப்ப என்னையும் பிடிச்சுக் குடுத்திருப்பியோ? அந்த முதலாளி மனுசன் கோயிலுக்கு எவ்வளவு செய்யிறவர். உன்ரை பேர் அடிபட்டால் லாச்சப்பலுக்குள்ளை எப்பிடித் திரியிறது?"

பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்துகொண்டு, ஊரைப் பற்றியெல்லாம் கேட்டார். பிறகு, "லீவு நாளிலை எங்கை போவியள்?" என்றார்.

"எங்கையும் போறேல்லை அண்ணை. கதவு பூட்டியிருக்கும்."

திரும்பி வரும்போது நடைபாதையில் நின்றுவிட்டார். "எனக்கு அந்தக் கோப்பை கழுவின உணவகம் பிடிக்கேல்லை எண்டு ஒருநாள் ஏப்ரனைக் கழட்டி வைச்சிட்டு வெளியிலை வந்தனான்," என்றார். "ஒருத்தரும் மறிக்கேல்லை." அதற்குப் பிறகு அவர் என்னைத் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பொறுப்பாளரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். செவ்வாய்க்கிழமை விஜயத்தில் நான் கவனித்ததையும் மறைத்ததையும் முதலில் சொன்னேன். பிறகு கையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இன்றைக்கே ஒப்பந்தத்தை நிறுத்துகிறேன்," என்று கணினிப் பக்கம் திரும்பினார். "சலவை நிறுவனத்துக்கு எழுதுகிறேன். நாளையிலிருந்து அங்கே எங்களுடைய ஒரு விரிப்புக்கூடப் போகக்கூடாது."

ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் எனக்கு ஒரு சங்கத்தின் இலக்கத்தைத் தந்திருந்தார். இப்படிச் சிக்கிய ஆட்களுக்கு உதவுகிற சங்கம். அன்று காலை ரயிலில் வரும்போதே அங்கிருந்த ஒரு பெண்ணோடு பேசியிருந்தேன். அவர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அதைத்தான் பொறுப்பாளரிடம் சொன்னேன்.

"நிறுத்தினால் நாளைக்கே அந்தப் பெண்களை வேறு எங்காவது கொண்டுபோய் விடுவார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கோப்பு சுத்தமாகிவிடும். அவ்வளவுதான் நடக்கும்."

அவருடைய கை விசைப்பலகையிலேயே இருந்தது. பிறகு எடுத்தார்.

அன்று மத்தியானம் எங்கள் சட்டப் பகுதிக்காரரையும் வைத்துக்கொண்டு பேசினோம். அரசாங்கத் தொழிற் பரிசோதகர்களுக்கு எழுத்தில் அறிவிப்பது. பெண்களுக்குத் தங்க இடம் ஆயத்தப்படுத்த சங்கத்துக்கு நேரம் கொடுப்பது. அதுவரை வழக்கம்போல வேலையை அனுப்புவது. வெளியில் ஒரு சொல் போகக்கூடாது. அப்படி முடிவானது.

பத்து நாட்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நாட்கள் வந்ததில்லை. ஒவ்வொரு காலையும் கணினியில், இத்தனை விரிப்புகள் போயின, இத்தனை வந்தன என்று பட்டியல் வரும். யார் மடித்தது என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒருநாள் வேலை விஷயமாக எங்கள் ஹோட்டல் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு அறைக் கதவு திறந்திருந்தது. விரித்துச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டிருந்த கட்டிலைப் பார்த்துவிட்டுப் படியால் இறங்கி வந்தேன். லிஃப்டுக்குக் காத்து நிற்க முடியவில்லை.

நாலாம் நாள் முதலாளி எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் அதே மென்மைதான்.

"தங்கச்சி, எங்கடை பிள்ளை ஒண்டு காயத்தோடை எங்கையோ போயிட்டுது. உங்களோடை கண்டதாச் சொல்லுகினம். கவலையாக் கிடக்கு."

"ஆஸ்பத்திரியிலை இருக்கிறா. நல்லாப் பாக்கினம்."

"நாங்கள் பாத்திருப்பம்தானே. தெருவிலை நிண்டதுகளுக்கு நான்தான் கூரை குடுத்தனான், தங்கச்சி. வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் விளங்காது. உங்களுக்கு விளங்கும்."

அவர் என்னை ஏமாற்றுவதற்காக அதைச் சொல்லவில்லை. அவர் அதை நம்பினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். "அவவின்ரை பாஸ்போட்டை ஆஸ்பத்திரிக்குக் குடுத்து விடுங்கோ அண்ணை," என்று மட்டும் சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சங்கத்துப் பெண் பிறகு கோபித்தார். அவர் சொன்னது சரி.

பதினோராம் நாள் காலை பரிசோதகர்களும் பொலிசும் கூசேன்வில்லுக்கும் ஸ்தேன் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போனார்கள். நான் போகவில்லை, சங்கத்தின் மொழிபெயர்ப்பாளர் போனார். பாஸ்போட்டுகள் முதலாளியின் வீட்டில் ஒரு இரும்பு அலுமாரிக்குள் இருந்தன. பட்டியலில் இருந்த பதினான்கு பேரில் என்னோடு வந்தவளைத் தவிரப் பதின்மூன்று பேர் இருந்திருக்க வேண்டும். பத்துப் பேர்தான் இருந்தார்கள். மேல்மாடியில் அவளுடையதைத் தவிர இன்னும் மூன்று மெத்தைகள் வெறுமையாக இருந்தன. மற்றப் பெண்களுக்கு எதுவும் தெரியவில்லை. நாலு நாளைக்கு முன், வேலை வேறு இடத்தில் என்று சொல்லிக் கூட்டிப்போனார்களாம்.

அது என் தொலைபேசிப் பேச்சுக்கு மூன்று நாள் கழித்து. அதனால்தானா, அவள் தப்பியதாலா, இல்லை வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று பேரின் உண்மைப் பெயர்கள் பாஸ்போட்டுகளில் இருந்து கிடைத்தன. ஆட்கள் கிடைக்கவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை கிடைக்கவில்லை.

மற்றவர்களுக்கு நடந்தது ஒரே மாதிரி இல்லை. சிலர் முறைப்பாடு கொடுத்தார்கள். முறைப்பாடு கொடுத்தால் விசாரணை முடியும்வரை இருக்கத் தற்காலிக அட்டை கிடைக்கும். இரண்டு பேர் பயத்தில் எதுவும் சொல்லாமல் உறவினரிடம் போனார்கள். ஒருத்தி, முதலாளி நல்லவர், அந்த அக்காதான் எங்கள் வாழ்க்கையைக் கெடுத்தவ என்று சொன்னாளாம். பெரிய சலவை நிறுவனம் முதலில், அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்று கடிதம் எழுதியது. என் பொறுப்பாளர் விடவில்லை. உங்களோடு ஒப்பந்தம் தொடர வேண்டுமானால் இந்தப் பெண்களில் விரும்புகிறவர்களை அவர்களுடைய சொந்தப் பெயரில் வேலைக்கு எடுங்கள் என்றார். மாதக்கணக்கில் இழுபட்டது. அட்டை வரவர, கடைசியில் நாலு பேரை எடுத்தார்கள்.

லாச்சப்பலில் சிலர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். நான் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடையில், "எங்கடை ஆக்களை நாங்களே காட்டிக் குடுக்கிறதோ?" என்று எனக்குக் கேட்கும்படி ஒருவர் சொன்னார். பக்கத்தில் நின்ற என் கணவர் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவரிடம் திரும்பினார். "அந்தப் பொம்பிளையளையும் எங்கடை ஆக்கள் எண்டுதானே அண்ணை சொல்லவேணும்," என்றார்.

அவளைச் சங்கம் பாரிஸுக்கு வெளியே ஒரு தங்குமிடத்தில் சேர்த்தது. மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். மூன்றாவது தடவை போனபோது, கட்டு அவிழ்த்திருந்தார்கள். இரண்டு விரல் சரியாக மடங்கவில்லை. ஒரு ரப்பர்ப் பந்தை அமுக்கி அமுக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். நான் கொண்டுபோன இடியப்பத்தை மேசையில் வைத்தேன். அவள் பந்தை அமுக்கியபடியே கேட்டாள்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் பேர் கேக்கேக்கை உங்களுக்கு விளங்கினதுதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம்," என்றேன்.

"எனக்குத் தெரியும். உங்கடை கண்ணிலை கண்டனான்." பந்தை மேசையில் வைத்துவிட்டு, "ஆரோ வருகினம், தமிழ்ப் பொம்பிளை ஒராள் வாறா எண்டு நாங்கள் ஒரு கிழமையா எதிர்பாத்தனாங்கள்," என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். அது மன்னித்ததாகவா, கேட்டுக்கொண்டதாகவா என்று எனக்குத் தெரியவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை. பிறகு இருவரும் சாப்பிட்டோம். அவள் இடது கையால் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வேலை செய்கிற முறையை மாற்றினோம். முன்னறிவித்துப் போவதில்லை. முதலாளியின் அறையில் இருப்பதில்லை. வேலை முடிந்து வெளியே வருகிறவர்களோடு பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று கதைக்கிறோம். பிரச்சினை உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். எங்கே இருக்கிறீர்கள், வீட்டுத் திறப்பு யாரிடம், பாஸ்போட் எங்கே, கடைசியாக எப்போது தனியாகக் கடைக்குப் போனீர்கள் என்று கேட்கிறேன். புதுப் பட்டியல் வந்தால் ஒரு முகவரியில் எத்தனை பேர், எத்தனை பேரின் சம்பளம் ஒரே கணக்குக்குப் போகிறது என்று பார்க்கிறேன். இவை ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. இந்தக் கேள்விகள் எல்லாம் எனக்கு முதலே தெரியும். எங்கள் ஆட்களிடம் கேட்கக் கூச்சப்பட்டேன், அவ்வளவுதான்.

போன மாதம் வழக்கு வந்தது. அவள் சாட்சி சொல்ல வேண்டும். கறுப்புக் கோட்டுப் போட்டு, தலைமுடியை இறுக்கிக் கட்டி, எனக்கு முன்னமே வந்து நீதிமன்றத் தாழ்வாரத்தில் இருந்தாள். எதிர் வாங்கில் முதலாளி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவருடைய மனைவி. அவர் மிகவும் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில் தலையசைத்தார். நானும் அசைத்துவிட்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, மறுபக்கம் பார்த்தாள்.

பதினொன்றரைக்கு வழக்கறிஞர் வெளியே வந்து, எதிர்த்தரப்பு கூடுதல் அவகாசம் கேட்டதால் வழக்கு ஒத்திவைக்கப்பட்டுவிட்டது என்றார். அடுத்த வசந்தகாலம்தான். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்கிறாள். அன்று முழுநாளும் லீவு எடுத்திருந்தாள்.

"இப்ப வெளிக்கிட்டாப் பிள்ளையளின்ரை ரெண்டாவது பந்திக்குப் போயிடலாம் அக்கா," என்றாள். "அடுத்த முறையும் லீவு கேக்கவேண்டி வரும். இண்டைக்கு வீணாக்கக் கூடாது."

"சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"அங்கை சாப்பிடுவன்."

கோட்டுப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டு, முதலாளி இருந்த வாங்கைக் கடந்து, மின் தூக்கியைப் பார்க்காமல் படிப்பக்கம் போனாள். மேலே நின்று ஜன்னலால் பார்த்தேன். வீதியைக் கடந்து, ட்ராம் வருகிற பக்கம் திரும்பி வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.